ஒன்பது மில்லிமீட்டர் கோணல்

பட்டாணிக்கு நான்காம் மாதத் தடுப்பூசி போட அப்பாவும் அம்மாவும் ஆளுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார்கள். ஊசி போட்டாயிற்று, குழந்தை அழுதாயிற்று, அழுகையும் அடங்கியாயிற்று. கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. அப்போது நர்ஸ் அவன் பின்மண்டையைப் பார்த்தாள். கையிலிருந்த பஞ்சைக் குப்பைக்கூடையில் போடப் போனவள், போடாமல் மேஜை மேலேயே வைத்தாள்.

“கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்க.”

திருப்பினார்கள்.

“இப்ப இந்தப் பக்கம்.”

இழுப்பறையிலிருந்து கவட்டை போன்ற ஓர் இரும்புக் கருவியை எடுத்தாள். நெற்றியின் இடது ஓரத்திலிருந்து பின்மண்டையின் வலது ஓரம் வரை ஒரு தடவை, நெற்றியின் வலது ஓரத்திலிருந்து பின்மண்டையின் இடது ஓரம் வரை ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள். “ஒன்பது,” என்றாள். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் பக்கத்து மேஜைக்காரி அதை எழுதிக்கொண்டாள்.

“என்னங்க ஒன்பது?” என்றாள் அம்மா.

“மில்லிமீட்டர்மா. ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். ஒன்பது வித்தியாசம் வருது. தலை ஒரு பக்கம் தட்டை. ஆறாம் மாடிக்குப் போங்க.”

பட்டாணியின் அப்பா லிப்ட் மெக்கானிக். பதினேழு கட்டடங்களின் லிப்டுகள் அவன் பொறுப்பில் இருந்தன. எந்தக் கோளாறுக்கும் எங்கேயோ ஒரு திருகாணி இருக்கும், அதைத் திருகத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்று நம்புகிறவன். அதனால் விவரம் தெரிந்தவர் போல யார் பேசினாலும் தலையாட்டிவிடுவான். அம்மா ஆண்களுக்குச் சட்டை தைக்கும் கடையில் அளவெடுப்பவள். பதினொரு வருஷமாகக் கழுத்தில் டேப் தொங்கியதில் கடையில் அவள் பெயரே டேப்பம்மா என்றாகிவிட்டது. ஆள் வாசலில் நுழையும்போதே காலர் அளவைச் சொல்லிவிடுவாள். அதற்குப் பிறகு டேப் பிடிப்பதெல்லாம் வந்தவரின் மனசமாதானத்துக்காக.

பட்டாணியின் தலை தட்டையாகிக்கொண்டு வந்தது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தொட்டிலுக்கு வலது பக்கம் ஜன்னல். வெளிச்சம் வரும் பக்கமே பார்த்துப் படுப்பான். தொட்டிலைத் திருப்பிப் போட வேண்டும் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மெக்கானிக் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

ஆறாம் மாடியில் ‘சிசுத் தலைவடிவ வாரியம்’ என்று பித்தளை எழுத்தில் போட்டிருந்தது. கூடத்தில் முப்பது பேருக்கு மேல் குழந்தைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எல்லாக் குழந்தைகளின் தலையிலும் வெள்ளை ஹெல்மெட், அதில் கறுப்பு எண். இத்தனை குழந்தைகள் இருந்தும் ஓர் அழுகை இல்லை. மின்விசிறியின் சத்தம்தான் கேட்டது. சுவரில் இயக்குநரின் படம் ஆள் உயரத்துக்கு மாட்டியிருந்தது. படத்தின் மீது குறுக்கும் நெடுக்குமாகப் புள்ளிக்கோடு போட்டு, கீழே ‘மாதிரித் தலை’ என்று எழுதியிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த எழுத்தர் சீட்டை வாங்கினார்.

“மல்லாக்கப் படுக்க வச்சீங்களா?”

“ஆமாங்க. இந்த ஆஸ்பத்திரியிலதான் அப்படிச் சொன்னாங்க,” என்றான் மெக்கானிக். “மூணாம் மாடியில. அச்சடிச்ச தாளு கூடக் குடுத்தாங்க.”

“மூணாம் மாடி சொன்னதுக்கு ஆறாம் மாடி பொறுப்பில்ல சார். அவங்க அப்படிச் சொல்லலன்னா எங்களுக்கு இங்க என்ன வேலை?”

“தொட்டிலைத் திருப்பிப் போட்டு, முழிச்சிருக்கறப்ப கொஞ்சம் குப்புறப் போட்டுப் பாக்கறோமே,” என்றாள் டேப்பம்மா.

“அது சிகிச்சை இல்லம்மா. அது படுக்கறது.”

புதிதாக வந்த பெற்றோரை இயக்குநரே வரவேற்றுப் பேசுவது வழக்கமாம். பத்தரை மணிக்கு வந்தார். அடர்த்தியான முடியைப் பின்னால் படிய வாரியிருந்தார். மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் சற்றே இறங்கியிருந்தது. பேசும்போது அதை அடிக்கடி தூக்கிவிட்டுக்கொண்டார்.

“நாங்க வர்றதுக்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு குழந்தைக்குக் கூடத் தலை கோணல் கிடையாது. ஏன்? யாரும் அளக்கல. இன்னைக்கு நாலாயிரத்து இருநூறு கோணல் எங்க கணக்குல இருக்கு. இது வாரியத்தோட சாதனை. மொத வருஷம் பன்னெண்டு மில்லிமீட்டருக்கு மேல போனாத்தான் கோணல்னு வச்சிருந்தோம். இந்தக் கூடம் காலியாக் கிடந்தது, எனக்கு மனசே ஆறல. எட்டாக் குறைச்சோம். இப்பப் பாருங்க, உக்கார இடம் இல்ல. அடுத்த வருஷம் ஆறு. பெத்தவங்க பயப்படக் கூடாது. பயப்பட வேண்டிய நேரத்துல நாங்களே சொல்லுவோம்.”

எல்லாரும் கை தட்டினார்கள். மெக்கானிக்கும் தட்டினான்.

பட்டாணியின் தலையில் இறுக்கமான வலையுறை ஒன்றை மாட்டி ஸ்கேன் எடுத்தார்கள். பத்து நாளில் ஹெல்மெட் வந்தது. எண் 4217. மாட்டிவிட்ட டெக்னீசியன் முன்பு கடிகாரம் பழுது பார்த்தவராம், விரல்கள் மெல்லியவை. தலையின் புடைத்த பக்கத்தை இது பிடித்துக்கொள்ளும், தட்டையான பக்கத்தில் இடம் விட்டிருக்கும், தலை வளரும்போது அந்த இடத்துக்குள் தானாக வளர்ந்து உருண்டையாகிவிடும் என்று விளக்கினார். மெக்கானிக்குக் கேட்க நன்றாக இருந்தது. நல்ல யோசனை என்றுதான் டேப்பம்மாவுக்கும் தோன்றியது.

“இருபத்து மூணு மணி நேரம் தலையில இருக்கணும். ஒரு மணி நேரம் கழட்டிக் குளிப்பாட்டலாம்,” என்றார் டெக்னீசியன். “உள்ளுக்குள்ள ஒரு சிப் இருக்கு. எத்தனை நேரம் போட்டிருக்கான்னு அது எழுதிக்கும்.” பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, “அதை ஏமாத்தப் பாக்காதீங்க. பாத்தவங்க இருக்காங்க,” என்றார்.

முதல் வாரம் மூவரும் தூங்கவில்லை. குழந்தையின் தலை வேர்த்து, ஹெல்மெட்டுக்குள் ஊறிப்போன துணியின் வாடை அடித்தது. காதுக்குப் பின்னால் சிவந்து கன்றிப்போனது. ஸ்பிரிட் வைத்து உள்பக்கத்தைத் துடைத்து, மின்விசிறிக்கு நேரே காயவைத்து, மறுபடி மாட்டுவார்கள். வேலையிலிருந்து வந்ததும் பட்டாணியின் உச்சியில் முகத்தைப் புதைத்துக்கொள்வது மெக்கானிக்கின் பழக்கம். இப்போது மூக்கில் பிளாஸ்டிக் இடித்தது. கழற்றி வைக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு அரை மணி என்று பிரித்துக்கொண்டார்கள். மெக்கானிக் தன் அரை மணியில் பேசவே மாட்டான். ஈரத்தலையை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பான்.

மூன்றாம் வாரம் வாரியத்திலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். செருப்பைக் கழற்றாமல் படுக்கையறை வரைக்கும் போய், ஹெல்மெட்டில் ஒரு கம்பியைச் செருகிக் கையிலிருந்த கருவியைப் பார்த்தார்.

“செவ்வாய்க்கிழமை பதினோரு நிமிஷம் குறையுது.”

“வாந்தி எடுத்துட்டான் சார். உள்ளெல்லாம் ஆயிடுச்சு. கழுவிக் காயவச்சோம்,” என்றான் மெக்கானிக்.

“வாந்தி எடுத்ததுக்கு முன் அனுமதி வாங்கினீங்களா?”

மெக்கானிக் டேப்பம்மாவைப் பார்த்தான். அவள் ஆய்வாளரின் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பதினோரு நிமிஷம் நிலுவை. பத்து நாளைக்குக் கழட்டாம போட்டு ஈடு கட்டணும்,” என்று எழுதிக்கொடுத்தார் ஆய்வாளர். “கழட்டினீங்கன்னா நிலுவை இரட்டிப்பாகும்.”

எட்டு நாள் கழற்றாமல் வைத்தார்கள். ஒன்பதாம் நாள் காதுக்குப் பின்னால் தோல் உரிந்து நீர் வடிந்தது. டேப்பம்மா வாரைத் தளர்த்தி ஹெல்மெட்டை எடுத்துவிட்டாள். மருந்து தடவினாள். பிறகு டேப்பை வைத்து அவன் தலையை அளந்தாள். நாலு தடவை அளந்தாள். காகிதத்தில் எழுதிக் கழித்துப் பார்த்தாள்.

“என்னங்க, ரெண்டுதான் வருது.”

“ரெண்டா?”

“ரெண்டு மில்லிமீட்டர். அவ்வளவு கோணல் உங்க தலையிலயும் இருக்கு, என் தலையிலயும் இருக்கு. இவனுக்குச் சரியாயிடுச்சு.”

மெக்கானிக்குச் சந்தோஷத்தில் உடம்பே லேசானது. மறுநாள் காலை முதல் ஆளாக ஆறாம் மாடியில் நின்றார்கள். எழுத்தர் பைலைப் பிரித்தார்.

“பைல்ல ஒன்பதுன்னு இருக்கு.”

“அது அப்ப சார். இப்ப அளந்து பாருங்க.”

டெக்னீசியன் வந்து அளந்தார். ஹெல்மெட்டோடு சேர்த்து அளந்தார். நிலுவை உள்ள தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்ற விதியில்லையாம். ஹெல்மெட் செய்யப்பட்டதே ஒன்பது மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு. அதனால் ஒன்பது வந்தது. அதை எழுதும்போது டெக்னீசியன் அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

“முன்னேற்றமே இல்ல,” என்றார் எழுத்தர். “அதோட நேத்து நாலு மணி நேரம் கழட்டியிருக்கீங்க.”

மெக்கானிக் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தலையாட்டவில்லை. “நாங்க இந்தச் சிகிச்சையே வேண்டாங்கறோம். எங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்துடறோம். பைலை மூடிடுங்க.”

“பைல் திறந்தா அந்தத் தலையும் அதைச் சேர்ந்தவங்களும் இங்க எதுலயும் கையெழுத்துப் போட முடியாது சார். கோணல் கையெழுத்து செல்லாது. மூடுற வரைக்கும் உங்களுக்காக இயக்குநர்தான் போடுவார்.”

இயக்குநர் அறையில் அவர்களுக்கு டீ கொடுத்தார்கள். இயக்குநர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மிகவும் அன்பாகப் பேசினார்.

“உங்களுக்கு ஒரு சின்னக் குழப்பம். குழந்தை உங்களோடதுதான். யாரும் இல்லன்னு சொல்லல. தலை வாரியத்தோடது. நீங்க வீட்டுல டேப் வச்சு அளந்தது எனக்குத் தெரியும். தப்பா எடுத்துக்கல. ஆனா பெத்தவங்களே அளந்து, பெத்தவங்களே சரியாயிடுச்சுன்னு முடிவு பண்ணிட்டா இந்த மாடிக்கு யார் வருவாங்க? தலை உருண்டையாகறது முக்கியம் இல்ல. உருண்டையாயிடுச்சுன்னு நாங்க சொல்றதுதான் முக்கியம். திங்கக்கிழமையில இருந்து அவனை உள்ளிருப்புப் பிரிவுல வச்சுக்கறோம். நாலே மாசம். மாசத்துக்கு ஒரு தடவை கண்ணாடி வழியாப் பாக்கலாம்.”

வெளியே வரும் வழியில் உள்ளிருப்புப் பிரிவின் கண்ணாடிச் சுவரைக் கடந்துதான் வர வேண்டும். நாற்பது தொட்டில்கள் இரண்டு வரிசையாகக் கிடந்தன. நாற்பது வெள்ளை ஹெல்மெட்டுகள். எல்லாக் குழந்தைகளும் கண்ணை விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். மணி அடித்தது. ஒருத்தி வந்து ஒவ்வொரு தலையாக இடது பக்கம் திருப்பிவைத்துக்கொண்டே போனாள். திருப்பிய தலை திருப்பியபடியே இருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பட்டாணி அம்மாவின் டேப்பை வாயில் போட்டுக் கடித்துக்கொண்டிருந்தான்.

அந்தச் சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர்கள் வெளியே போகவில்லை. எங்காவது தலைமறைவாகப் போய்விடலாமா என்று மெக்கானிக் கேட்டான். ஊசிச் சீட்டு வாரியத்திடம் இருக்கிறது, விலாசம் இருக்கிறது, இருவருடைய வேலை இடமும் எழுதியிருக்கிறது. எங்கே போவது? பட்டாணியின் துணிகளை ஒரு பையில் மடித்து வைத்தான். பிறகு எடுத்து அலமாரியில் வைத்தான். மறுபடி பையில் வைத்தான். டேப்பம்மா வாரியத்தின் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, துணி வெட்டுவதற்கு முன் சுண்ணக்கட்டியால் கோடு போடுவது போல ஒவ்வொரு வரியாக விரலை நகர்த்திப் படித்தாள்.

“ஒரு பய தலைக்காவது வயசு போட்டிருக்கா பாருங்க,” என்றாள் ஞாயிறு சாயங்காலம்.

“என்ன வயசு?”

“சிசுன்னு பேருலதான் இருக்கு. விதியில எல்லா இடத்துலயும் ‘தலை’ன்னு மட்டும்தான் இருக்கு.”

திங்கட்கிழமை கூடம் நிறைந்திருந்தது. இயக்குநர் வரவேற்புரையை முடித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தபோது டேப்பம்மா பட்டாணியோடு எழுந்து முன்னால் போனாள். குரலில் அவ்வளவு மரியாதை.

“ஐயா, இவன உள்ள விடறதுக்கு முன்னாடி ஒரு ஆசைங்க. மாதிரித் தலை எப்படி இருக்கும்னு படத்துலதான் பாத்திருக்கோம். உங்க தலைய ஒரு தடவ அளந்து காட்டினீங்கன்னா, நாலு மாசம் கழிச்சு எம்புள்ள எப்படி வருவான்னு மனசுல வச்சுக்கிட்டுப் போவேன்.”

கூடத்தில் இருந்த தாய்மார்கள் தலையாட்டினார்கள். இயக்குநருக்கு முகம் மலர்ந்தது. பத்து வருஷத்தில் இப்படி ஒருவரும் கேட்டதில்லை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியைக் கூடத்தின் நடுவில் போடச் சொல்லி உட்கார்ந்தார். டெக்னீசியன் கருவியோடு பின்னால் வந்து நின்றார். வருஷக்கணக்கில் அந்தத் தலையைப் பின்னாலிருந்து பார்த்திருந்தவர் அவர்தான். அடர்த்தியான முடியைக் கருவியின் கால்களால் விலக்கி ஒரு மூலை அளந்தார். மறு மூலை அளந்தார். வெளியே சொல்லவில்லை.

“சத்தமாச் சொல்லுய்யா,” என்றார் இயக்குநர்.

“பதினாலுங்க.”

ஒரு காது மற்றதைவிட முன்னால் இருந்தால் கண்ணாடி ஒரு பக்கம் இறங்கத்தான் செய்யும். முதல் நாளே டேப்பம்மாவுக்கு அது தெரிந்துபோயிற்று.

“திரும்ப அள.”

“பதினாலேதாங்க.”

அளவு என்று ஒன்று சொல்லப்பட்டால் எழுதிவிடுவது எழுத்தரின் கைப்பழக்கம். எழுதிவிட்டார். எழுதினால் பைல் திறக்கும். திறந்தது. எண் 4268. அந்த எண்ணைப் பார்த்தபிறகுதான் அவருக்கே விளங்கியது. மேஜை மேலிருந்த பட்டாணியின் உள்ளிருப்பு ஆணையை எடுத்துப் பார்த்தார். கையெழுத்துக்கான இடம் காலியாக இருந்தது.

“ஐயா, இதுல நீங்க இப்ப... போட முடியாதுங்க,” என்றார் மெதுவாக.

இயக்குநர் கத்துவார், ஆளைக் கூப்பிட்டு அவர்களை வெளியே தள்ளச் சொல்வார் என்று மெக்கானிக் குழந்தையை வாங்கி மார்போடு இறுக்கிக்கொண்டான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. இயக்குநர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். பிறகு அவர் முகத்தில் ஓர் அமைதி வந்தது. அதைப் பார்த்தபோதுதான் டேப்பம்மாவுக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

“கருவி தப்பு சொல்லாது,” என்றார் அவர். “என் தலையே பதினாலுன்னா, வெளியில நடமாடற தலைங்க எல்லாம் என்ன கதியில இருக்கும்? நாம குழந்தைங்களோட நின்னுட்டோம். எவ்வளவு பெரிய வேலையை விட்டுட்டோம்.” எழுந்து நின்றார். “எனக்கு ஒண்ணு மாட்டுங்க. அப்புறம் நீங்க எல்லாரும் வரிசையில வாங்க.”

எழுத்தர் பதினொன்று. ஆய்வாளர் பத்து. டெக்னீசியனை யார் அளப்பது என்று தெரியாமல் அவரே கண்ணாடி பார்த்து அளந்துகொண்டார். பெரிய ஹெல்மெட் வார்க்க மூலப்பொருள் போதவில்லை. நிலுவைக் குழந்தைகளின் ஹெல்மெட்டுகளைத் திரும்ப வாங்கி உருக்கச் சொன்னார் இயக்குநர். 4217ஐக் கழற்றிய டெக்னீசியன், பட்டாணியின் காதுக்குப் பின்னாலிருந்த புண்ணைப் பார்த்துவிட்டு, “சீக்கிரம் போயிடுங்க,” என்றார். “யோசிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள போயிடுங்க.”

லிப்டுக்குக் காத்திருக்காமல் ஆறு மாடியும் படியில் இறங்கினார்கள். தெருவுக்கு வந்ததும் மெக்கானிக் நடைபாதையிலேயே நின்று, பட்டாணியின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஸ்பிரிட் வாடையும் வேர்வையும் அடித்தன. வெகு நேரம் அப்படியே நின்றான். டேப்பம்மா சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், மறுபடி சிரித்தாள்.

அன்று அவர்கள் நன்றாகத் தூங்கினார்கள்.

ஒரு வாரத்தில் ஹெல்மெட் போட்ட இயக்குநரின் படம் எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டது. வாரியத்தின் பெயரிலிருந்து ‘சிசு’ என்ற சொல் எடுக்கப்பட்டது. பள்ளிக்கூடங்கள் முதலில் வந்தன, பிறகு அலுவலகங்கள். கோணல் என்பது ஆறு மில்லிமீட்டர் ஆகி, நாலு ஆனது. உள்ளிருப்புப் பிரிவு ஆறாம் மாடியிலிருந்து ஐந்துக்கும் ஏழுக்கும் பரவியது. ‘ஒன்பது பேர்’ என்று லிப்டுகளில் இருந்த தகட்டை எடுத்துவிட்டு, ‘தலைக்கவசத்துடன் எட்டு பேர்’ என்ற புதுத் தகட்டை மெக்கானிக்கே பதினேழு கட்டடங்களிலும் திருகினான். சட்டைக் கடையில் தாடைவாருக்காகக் காலரில் அரை அங்குலம் கூட்டி எழுதச் சொன்னார் முதலாளி. டேப்பம்மா எழுதினாள். தன்னை யாராவது காட்டிக்கொடுப்பார்கள் என்று முதலில் பயந்தாள். ஒருவரும் அவளைத் தேடவில்லை, பட்டாணியையும் கேட்கவில்லை. மாறாக, வாரியத்தின் ஆண்டறிக்கையில், பெயர் சொல்லாமல், ‘விழிப்புள்ள ஒரு தாய்க்கு’ நன்றி தெரிவித்திருந்தார்கள். அதைப் படித்த அன்று அவள் சாப்பிடவில்லை.

இருவருக்கும் அளவு நாள் குறித்துச் சீட்டு வந்தது. வருகிற வியாழக்கிழமை.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பட்டாணியை எங்காவது கூட்டிப்போகலாம் என்று பஸ் ஏறினார்கள். அவனுக்கு ஒன்பது மாதம் முடிந்திருந்தது. முடி நன்றாக வளர்ந்து, தலை அழகாக உருண்டையாகியிருந்தது. அப்பா மடியில் நின்றுகொண்டு பின்னால் இருந்தவர்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். பஸ்ஸில் பாதிப் பேர் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். குழந்தைகள் எல்லாரும் போட்டிருந்தார்கள்.

பக்கத்து இருக்கைப் பெரியவர் குனிந்து, பரிவோடு கேட்டார்.

“எப்பம்மா கழட்டினாங்க?”

“மூணு மாசமாச்சுங்க,” என்றாள் டேப்பம்மா.

“ஏன்?”

“சரியாயிடுச்சுங்க.”

பெரியவர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “இனி ஒண்ணும் செய்ய முடியாதுன்னா அப்படிச் சொல்லித்தான் அனுப்புவாங்க. மனசத் தேத்திக்கம்மா.”

முன்னால் இருந்த பெண் தன் குழந்தையை பட்டாணிக்கு எட்டாதபடி அந்தப் பக்கமாக மாற்றிக்கொண்டாள். கண்டக்டர் பட்டாணியைப் பார்த்தார். பிறகு டிக்கெட் கட்டின் பின்பக்கம் ஏதோ எழுதிக்கொண்டார். பஸ்ஸில் பேச்சு ஒவ்வொரு வரிசையாக நின்றுகொண்டே வந்தது.

மெக்கானிக் பட்டாணியை உட்காரவைத்து, இரண்டு கையையும் விரித்து அவன் தலையைச் சுற்றி மூடிக்கொண்டான். வெயிலுக்காக மூடுவது போலத்தான் முதலில் மூடினான். டேப்பம்மா அதைப் பார்த்தாள், எடுக்கச் சொல்லவில்லை. பட்டாணி அப்பாவின் விரல்களுக்கு இடையே கண்ணை உருட்டிப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தான்.

அவர்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. எழுந்திருக்க வேண்டுமானால் கையை எடுக்க வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறந்து, மூடியது. பஸ் அவர்களையும் ஏற்றிக்கொண்டு மேலே போனது.